வட்டம், தாக்கீது, கைப்பேசி

சென்ற மாதம் ஒரு நாள் கடற்கரைச் சாலையில் காலை நடைக்கு வந்த நண்பர் முகம் வாடி இருந்தார். என்னைப் போலவே குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவர். காந்தி சிலை அருகே உட்கார்ந்ததும், "சார், பென்ஷன்ல கை வைப்பாங்களா?" என்று கேட்டார்.

விஷயம் இதுதான். மகள் சென்னைக்குப் படிக்கப் போனபோது தன் பெயரில் ஒரு போஸ்ட்பெய்டு கைப்பேசி இணைப்பு வாங்கிக் கொடுத்திருந்தார். படிப்பு முடிந்ததும் அதை நிறுத்திவிட்டார். ஏழு வருஷம் கழித்து ஒரு குரல் கூப்பிடுகிறது. ரூ.4,860 பாக்கியாம். மாலைக்குள் கட்டாவிட்டால் வீட்டுக்கு ஆள் வரும், போலீஸ் வரும் என்றதாம். வீட்டில் அம்மா இரண்டு நாளாகத் தூங்கவில்லை. "கட்டித் தொலைச்சிடுங்க. வாசல்ல நின்னு கத்தினா தெருவுல எப்படித் தலை காட்டுறது?" என்கிறாராம்.

அவர் பயந்தது பணத்துக்கு அல்ல, மானத்துக்கு. இந்த வித்தை மிகப் பழையது.

பதின்மூன்றாம் நூற்றாண்டின் கடைசியில் நம் கிழக்குக் கரைக்கு வந்த மார்க்கோ போலோ ஒரு வழக்கத்தை எழுதி வைத்திருக்கிறார். கடன் வாங்கியவன் தவணை சொல்லி ஏமாற்றிக்கொண்டே இருந்தால், கடன் கொடுத்தவன் அவனைச் சுற்றித் தரையில் ஒரு வட்டம் போடுவான். கடனைத் தீர்க்கும் வரை, அல்லது ஜாமீன் கொடுக்கும் வரை, வட்டத்தைத் தாண்டக் கூடாது. தாண்டினால் மரண தண்டனை. குதிரை மேல் வந்த ராஜாவையே ஒரு வெளிநாட்டு வியாபாரி இப்படி வட்டம் போட்டு நிறுத்தியதாகவும், ராஜா பணம் கொடுத்த பிறகே நகர்ந்ததாகவும் சொல்கிறார்.

வடக்கே 'தர்ணா' என்று இன்னொரு முறை இருந்தது. கடன்காரன் வாசலில் பட்டினியாக உட்கார்ந்துவிடுவது. செத்தால் பாவம் உன் தலையில் என்று அர்த்தம். 1860-ன் இந்திய தண்டனைச் சட்டம் 508-ஆம் பிரிவில், தெய்வ கோபத்தைக் காட்டி ஒருவரைக் கட்டாயப்படுத்துவதைக் குற்றமாக்கி, இந்தத் தர்ணாவையே உதாரணமாகக் கொடுத்தது.

இனி என் சொந்த நினைவு. 1960 வாக்கில் எனக்குப் பத்து வயதிருக்கும். புதுச்சேரி இந்திய நிர்வாகத்துக்கு வந்துவிட்டது, ஆனால் நீதிமன்றத்தில் இன்னும் பிரெஞ்சுச் சட்டம்தான். அப்பாவுக்குச் சின்ன ஜவுளிக்கடை. சரக்கு வாங்கிய கடன் ஒன்று நின்று போயிற்று. ஒரு நாள் 'உய்சியே' வந்தார். பிரிட்டிஷ் பக்கத்தில் அமீனா என்பார்களே, ஏறக்குறைய அந்த வேலை செய்யும் நீதிமன்ற அலுவலர். குரலை உயர்த்தவில்லை. ஒரு தாக்கீதைக் கொடுத்துக் கையெழுத்து வாங்கிக்கொண்டு போய்விட்டார்.

அப்பாவுக்கு பிரெஞ்சு தெரியாது. நான்தான் பள்ளிப் பாடம் போல் எழுத்துக்கூட்டிப் படித்துச் சொன்னேன். யார் கேட்கிறார், எவ்வளவு, என்ன கணக்கு, எந்தத் தேதியில் ஆஜராக வேண்டும் என்று எல்லாம் அதில் இருந்தது. தொகையைக் கேட்டதும் அப்பா எழுந்து, ரசீதுகளைக் குத்தி வைத்திருந்த கம்பியை எடுத்து வந்தார். ஐம்பது ரூபாய் கட்டிய ரசீது அதில் இருந்தது. அது கழிந்தது. மீதியைத் தவணையில் அடைத்தார். தாக்கீது வந்த அன்று அம்மா அழுதது உண்மை. ஆனால் காகிதமாக வந்ததால்தான் அப்பாவால் பதில் சொல்ல முடிந்தது.

கடனுக்காக ஆளைச் சிறையில் போடுவதை பிரான்ஸ் 1867-லேயே ஒழித்தது. இந்தியாவில் 1980-ல் உச்ச நீதிமன்றம், பணம் இல்லாதவனை அதற்காகவே சிறைக்கு அனுப்பக் கூடாது, வசதி இருந்தும் கெட்ட எண்ணத்தோடு மறுப்பவனைத்தான் அனுப்பலாம் என்றது. உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 60-ஆம் பிரிவு, எதையெல்லாம் ஜப்தி செய்யக் கூடாது என்று பட்டியல் போடுகிறது. உடுத்தும் துணி, சமையல் பாத்திரம், படுக்கை, மத வழக்கப்படி ஒரு பெண் கழற்றக் கூடாத நகை, தொழிலாளியின் கருவிகள், அரசு ஓய்வூதியம். நண்பரின் கேள்விக்குப் பதில் இங்கேயே இருக்கிறது. அதுவும் நீதிமன்றத் தீர்ப்பு வந்த பிறகுதான் ஜப்தி என்ற பேச்சே. தொலைபேசியில் பேசுகிறவருக்கு அந்த அதிகாரம் கிடையாது.

அப்படியானால் இந்தக் குரல் எங்கிருந்து வந்தது? நாட்டின் முதல் கைப்பேசி அழைப்பு 1995 ஜூலை 31 அன்று கொல்கத்தாவிலிருந்து டில்லிக்குப் போனது. அதற்கு முன் வீட்டுத் தொலைபேசிக்குப் பணம் கட்டாவிட்டால் அரசு இலாகா இணைப்பைத் துண்டிக்கும், கடிதம் அனுப்பும். இப்போது லட்சக்கணக்கான சின்னச் சின்ன பாக்கிகள். நாலாயிரம் ரூபாய்க்கு வழக்குப் போட்டால் செலவே அதிகம். அதனால் பழைய பாக்கிகளை வசூல் ஏஜென்சிகளிடம் கொடுத்துவிடுகிறார்கள். கமிஷனுக்கு வேலை செய்யும் ஆளுக்குக் காகிதம் தேடுவதை விட பயமுறுத்துவது சுலபம்.

காலை 8 மணிக்கு முன்னும் இரவு 7 மணிக்குப் பின்னும் வசூலுக்குக் கூப்பிடக் கூடாது என்று 2022-ல் ரிசர்வ் வங்கி சொன்னது வங்கிகளுக்கும் நிதி நிறுவனங்களுக்கும்தான். கைப்பேசி நிறுவனங்கள் அதன் கீழ் வராது. ஆனால் வேறு பாதுகாப்பு உண்டு. இப்படிப்பட்ட பாக்கிக்கு வழக்குப் போடக் காலவரம்பு பொதுவாக மூன்று வருஷம். காலம் கடந்த பாக்கியைத் தருகிறேன் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டால் மட்டும் அது புது ஒப்பந்தமாகிவிடும், ஜாக்கிரதை. தொலைபேசிக் குறைகளுக்கு நுகர்வோர் நீதிமன்றம் போகலாம் என்று 2022-ல் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கிவிட்டது.

நண்பருக்கு நான் செய்தது பழைய குமாஸ்தா வேலைதான். நிறுவனத்துக்கே ஒரு கடிதம் எழுதினோம். எந்த மாதத்து பில், தொகை எப்படி வந்தது, ஏஜென்சிக்கு அதிகாரம் கொடுத்த கடிதம் எங்கே என்று மூன்றே கேள்விகள். பதிவுத் தபால், ஒப்புகை அட்டையுடன். அடுத்த முறை குரல் கூப்பிட்டபோது, "எழுத்தில் அனுப்புங்கள்" என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டார்.

மூன்று வாரத்தில் பதில் வந்தது. கடைசி மாத பில்லில் ரூ.387 நின்றிருந்தது. மற்றதெல்லாம் பிற்பாடு சேர்த்த கட்டணங்கள், அவற்றை விட்டுவிடுவதாக எழுதியிருந்தார்கள். "காலவரம்பு முடிஞ்சு போச்சு, கட்ட வேண்டியதில்லை" என்றேன். "நாம பேசின பேச்சுக்கு உள்ள காசுதானே சார்" என்று சொல்லிவிட்டு 387 ரூபாயைக் கட்டினார். மறுநாள் கடற்கரைக்கு ரசீதைக் கொண்டுவந்து காட்டினார்.

பத்திரமாக வையுங்கள் என்றேன். அப்பாவின் கம்பி இன்னும் என் அலமாரியில் இருக்கிறது.