நாமக்கல் லாரி ஓட்டுநர்களின் சாலை வாழ்க்கையும் பாதுகாப்பும்

தமிழ்நாட்டின் நாமக்கல், திருச்செங்கோடு, சங்ககிரி வட்டாரங்களிலிருந்து இந்தியாவின் பல மாநிலங்களுக்கும் சரக்கு ஏற்றிச் செல்லும் லாரிகளில் பணியாற்றுவோர் பொதுவாக நாமக்கல் லாரி ஓட்டுநர்கள் எனப்படுகின்றனர். மழை குறைந்த மேட்டு நிலம் மிகுந்த பகுதி இது. வெள்ளாமையை மட்டும் நம்பி வாழ முடியாத குடும்பங்கள் லாரி, ஆழ்துளைக் கிணறு தோண்டும் ரிக் வண்டி, கோழிப்பண்ணை ஆகிய தொழில்களுக்குத் திரும்பின. சேலம் மாவட்டத்தின் பகுதியாக இருந்த நாமக்கல் 1997இல் தனி மாவட்டமாயிற்று.

இத்தொழிலைப் பற்றி எழுதுவோர் பெரும்பாலும் உரிமையாளர்களின் முயற்சியையும் பட்டறைகளின் வளர்ச்சியையும் சொல்வர். அவை சொல்லத்தக்கவையே. ஆனால் ஓட்டுநர் இருக்கையிலிருந்து பார்த்தால், ‘அவர் எங்கே தூங்கினார், எவ்வளவு நேரம் தூங்கினார்’ என்ற கேள்வியே முதலில் நிற்கும். சாலை, வண்டி, சட்டம் மூன்றும் மாறியபோதெல்லாம் இந்தக் கேள்விக்கான விடையும் மாறியது. எப்போதும் நல்ல திசையில் அல்ல.

கூண்டும் படுக்கைப் பலகையும்

டாடா நிறுவனம் ஜெர்மனியின் டைம்லர்-பென்ஸ் கூட்டுடன் 1954இல் ஜாம்ஷெட்பூரில் லாரி தயாரிக்கத் தொடங்கியது. சென்னை எண்ணூரில் இருந்த அசோக் மோட்டார்ஸ், 1955இல் அசோக் லேலண்ட் ஆனது. நெடுங்காலம் இத்தகைய தொழிற்சாலைகளிலிருந்து முழு லாரி வெளிவருவது அரிது. எஞ்சினும் சக்கரமும் ஸ்டீயரிங்கும் கொண்ட சேசிஸ் மட்டுமே வரும். கூரையோ கதவோ இல்லாத அந்தச் சட்டத்தின் மேல் தற்காலிக இருக்கையில் அமர்ந்து, வெயிலிலும் தூசியிலும் நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் ஓட்டி வந்து பட்டறையில் சேர்ப்பதும் ஓட்டுநர் வேலையே.

கூண்டு கட்டும் பட்டறைகளே நாமக்கல்லுக்கு நாடெங்கும் பெயர் வாங்கித் தந்தன. மரமும் தகரமும் இரும்பும் கொண்டு, உரிமையாளர் கேட்டபடி கேபின் அமைப்பார்கள். சாமி படத்துக்கு ஓர் இடம், தண்ணீர்க் குடத்துக்கு ஓர் இடம், இருக்கைக்குப் பின்னால் ஆள் நீட்டிப் படுக்க ஒரு பலகை. தச்சரின் கைத்திறன் பாராட்டுக்குரியது. எனினும் அந்த மரக் கேபின் மோதலைத் தாங்குவதற்காகச் செய்யப்பட்டதன்று; நேருக்கு நேர் மோதினால் முதலில் நொறுங்குவது அதுவே. பக்கத்திலேயே எஞ்சின் இருப்பதால் கோடையில் உள்ளே அனல் அடிக்கும். பகலில் அந்தப் பலகையில் தூங்குவது எளிதன்று.

பின்னர் தொழிற்சாலையிலேயே செய்த எஃகுக் கேபின்கள் பரவின. 2025 அக்டோபர் 1 முதல் தயாரிக்கப்படும் 3.5 டன்னுக்கு மேற்பட்ட மொத்த எடை கொண்ட சரக்கு வாகனங்களின் கேபினில் குளிர்சாதன வசதி இருக்க வேண்டும் என்று நடுவண் அரசு விதி செய்துள்ளது. பழைய வண்டிகளுக்கு இது பொருந்தாது.

வழியில் ஒரு நாள்

நெடுந்தூர வண்டியில் ஓட்டுநருடன் ஒரு கிளீனரும் செல்வது பழைய வழக்கம். பின்னோக்கி எடுக்கும்போது கீழே இறங்கிக் குரல் கொடுப்பது, இடப்பக்கம் பார்த்துச் சொல்வது, மேட்டில் நிற்கும்போது சக்கரத்துக்குக் கட்டை போடுவது, தார்ப்பாய் கட்டுவது, டயரில் காற்று பார்ப்பது எல்லாம் அவர் பொறுப்பு. பல ஓட்டுநர்கள் கிளீனராகச் சேர்ந்து தொழில் கற்றவர்களே. பயிற்சிப் பள்ளி என்று ஒன்று இல்லாத காலத்தில் பள்ளியாக இருந்தது அந்த இடப்பக்க இருக்கைதான்.

மகாராட்டிரத்தைத் தாண்டினால் ரொட்டிதான் கிடைக்கும். ஆகையால் அரிசி, பருப்பு, மிளகாய்ப்பொடி, மண்ணெண்ணெய் ஸ்டவ் ஆகியவை வண்டியிலேயே இருக்கும். லாரி நிழலில் சோறு வடித்துச் சாப்பிட்டு, பெட்ரோல் பங்க்கிலோ சாலையோரக் குழாயிலோ குளித்துப் புறப்படுவார்கள். சரக்கு இறக்கியதும் ஊர் திரும்ப முடியாது. திரும்பும் வழிக்கு லோடு கிடைக்கும்வரை புரோக்கர் அலுவலகத்தின் முன் காத்திருக்க வேண்டும். ஒரு நடை முடிய வாரங்கள் ஆகும்.

கூலி மணிக்கணக்கில் இல்லை என்பது இங்கே கவனிக்க வேண்டியது. வாடகையில் ஒரு பங்கு அல்லது ஒரு நடைக்கு இவ்வளவு என்ற கணக்கும், அதோடு படியுமே வழக்கம். ஆலை வாசலில் இரண்டு நாள் நின்றால் அந்த நாள்களுக்குத் தனிக் கூலி கிடைப்பது அரிது. நின்ற நேரத்தை ஓடும்போது ஈடுகட்டத் தோன்றுவது இயல்பு. தூக்கம் அங்கேதான் குறைகிறது.

எட்டு மணி நேரச் சட்டம்

1961ஆம் ஆண்டின் மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் நாளுக்கு 8 மணி, வாரத்துக்கு 48 மணி என வேலை நேரத்தை வரையறுத்தது. நெடுந்தூர வழிகளில் அனுமதி பெற்று நாளுக்கு 10 மணி, வாரத்துக்கு 54 மணி வரை செல்ல அது இடம் தந்தது. ஐந்து மணி நேரம் தொடர்ந்து வேலை செய்தால் அரை மணி ஓய்வு இருந்தது. படிக்க நல்ல சட்டம். ஆனால் அது ஐந்து அல்லது அதற்கு மேற்பட்ட தொழிலாளர் பணிபுரியும் நிறுவனங்களுக்கே பொருந்தியது. ஒரு லாரி, இரண்டு லாரி வைத்திருப்பவர்கள் மிகுந்த தொழிலில் இந்த ஒரு வரி எத்தனை பேரை வெளியே நிறுத்தியிருக்கும் என்பதை மாணவர்கள் எண்ணிப் பார்க்கலாம்.

ஐரோப்பிய ஒன்றியத்தில் நான்கரை மணி நேரம் ஓட்டினால் 45 நிமிடம் நிறுத்தியாக வேண்டும். டாக்கோகிராஃப் என்ற கருவி வண்டியிலேயே அதைப் பதிவு செய்யும். இந்தியச் சட்டம் மணியைச் சொன்னது. மணியை அளக்கும் கருவியை வண்டியில் வைக்கவில்லை.

நாடு முழுவதும் செல்லும் நேஷனல் பர்மிட் வண்டிகளுக்கு 1989ஆம் ஆண்டின் மோட்டார் வாகன விதிகள் வேறொரு பாதுகாப்பைத் தந்தன. இரண்டு ஓட்டுநர்கள் இருக்க வேண்டும்; ஒருவர் ஓட்டும்போது மற்றவர் படுத்துத் தூங்க, இருக்கைக்குப் பின்னால் முழு அகல இருக்கை இருக்க வேண்டும். பட்டறைப் பலகைக்குச் சட்டத்தின் முத்திரை கிடைத்தது என்றே சொல்லலாம். இரண்டாம் ஓட்டுநர் கட்டாயம் என்ற இந்த விதி 2018இல் கைவிடப்பட்டது. அதற்கு முன்பே செலவைக் குறைக்கப் பல வண்டிகள் ஒற்றை ஓட்டுநருடன் ஓடின, கிளீனர்களும் குறைந்துவந்தனர். பலகை இருக்கிறது, ஆனால் அதில் ஒருவர் படுத்தால் வண்டி நிற்க வேண்டும்.

சாலை அகன்றதும் வந்த ஆபத்து

1999இல் தொடங்கிய நெடுஞ்சாலைத் திட்டங்களால் நாமக்கல் வழியாகச் செல்லும் கன்னியாகுமரி–ஸ்ரீநகர் சாலை நான்குவழிச் சாலையானது. முன்பு என்.எச். 7 என்றிருந்த அது இப்போது என்.எச். 44. நடுவில் தடுப்பு வந்ததால் நேருக்கு நேர் மோதல் குறைய வழி ஏற்பட்டது. ஆனால் நேரான, அகன்ற சாலையில் பின்னிரவு இரண்டு மணிக்கு மேல் கண் சொருகுவது ஓட்டுநர்கள் நன்கறிந்தது. விளக்கின்றி ஓரத்தில் நிற்கும் வண்டியின் பின்னால் மற்றொரு வண்டி மோதுவது இவ்வகைச் சாலைகளில் அடிக்கடி நேர்கிறது.

தருமபுரி மாவட்டத்துத் தொப்பூர் கணவாய் இந்தச் சாலையிலேயே உள்ளது. சேலம் நோக்கி இறங்கும் நீண்ட சரிவில் டீசலை மிச்சப்படுத்த நியூட்ரலில் வண்டியை விடுவது பெரும் ஆபத்து. கியரில் இருந்தால் எஞ்சினே வேகத்தைப் பிடித்து நிறுத்தும். நியூட்ரலில் முழுச் சுமையும் பிரேக்கின் மேல் விழும். பிரேக் டிரம் சூடேறி, மிதித்தாலும் பிடிக்காத நிலை வரும். மிச்சமாகும் டீசல் சில லிட்டர்தான். டீசல் கணக்கு ஓட்டுநர் தலையில் இருக்கும்வரை எச்சரிக்கைப் பலகை மட்டும் போதுமா என்பது நியாயமான கேள்வி.

நோயும் பழியும்

1986இல் சென்னையில் எச்.ஐ.வி. தொற்று முதன்முதலாகக் கண்டறியப்பட்டது. 1990களில் தடுப்புத் திட்டங்கள் லாரி ஓட்டுநர்களை முதன்மையாகக் குறிவைத்தன. நாமக்கல் பெயர் அடிக்கடி அடிபட்டது. நெடுஞ்சாலையோர ஆலோசனையும் ஆணுறை வழங்கலும் பலன் தந்தன. அதே சமயம் லாரிக்காரர் என்றாலே ஐயத்துடன் பார்க்கும் பழக்கமும் வளர்ந்தது. பெண் கொடுக்கத் தயங்கும் வீடுகள் உண்டு. வாரக்கணக்கில் வீட்டை விட்டுப் பிரிந்திருக்க வைக்கும் வேலை முறையைப் பற்றி அந்த அளவுக்குப் பேசப்படவில்லை.

விபத்துக்குப் பின் நிற்பதா, ஓடுவதா என்பதும் உயிர்ப் பிரச்சினை. தவறு யார்மீது இருந்தாலும் கூட்டம் அடிப்பது பெரிய வண்டிக்காரரைத்தான் என்பர் ஓட்டுநர்கள். விபத்தில் மரணம் நேர்ந்து, தகவல் தராமல் தப்பிச் சென்றால் 10 ஆண்டு வரை சிறை எனப் பாரதிய நியாய சன்ஹிதாவின் 106(2) பிரிவு கூறியதை எதிர்த்து, 2024 ஜனவரியில் வட மாநிலங்களில் ஓட்டுநர்கள் வேலையை நிறுத்தினர். அவ்வாண்டு ஜூலை 1இல் சட்டம் நடைமுறைக்கு வந்தபோது அந்தப் பிரிவு மட்டும் நிறுத்திவைக்கப்பட்டது.

தங்குமிடம்

2017 ஜூலையில் ஜி.எஸ்.டி. வந்தபின் மாநில எல்லை வரிச் சோதனைச் சாவடிகள் அகற்றப்பட்டன; ஃபாஸ்டாக் சுங்கச்சாவடிக் காத்திருப்பைக் குறைத்தது. அண்மை ஆண்டுகளில் பொதுத்துறை எண்ணெய் நிறுவனங்கள் நெடுஞ்சாலைப் பங்க்குகளில் ‘அப்னா கர்’ என்ற பெயரில் படுக்கை, குளியலறை, சமைக்கும் இடம் கொண்ட ஓய்வில்லங்களை அமைத்து வருகின்றன. தேவையான ஏற்பாடு இது. ஆனால் டீசல், ஸ்டெப்னி டயர், தார்ப்பாய் மூன்றும் இரவில் களவு போகக்கூடியவை. கிளீனர் இருந்த காலத்தில் ஒருவர் தூங்க, மற்றவர் காவல் இருந்தார். தனியாக வரும் ஓட்டுநர் பங்க்கில் குளித்துவிட்டு, கேபினுக்கே திரும்பி, கதவைப் பூட்டிக்கொண்டு பலகையில் படுக்கிறார்.