அடுப்புக்கா, வயலுக்கா?

சாணம் வயலுக்கு உரியதா, அடுப்புக்கு உரியதா என்னும் வழக்கு நம் தேசத்துக் கிராமங்களில் மிகப் பழையது. விறகு அருகிப்போன சமவெளிகளிலே அவ்வழக்குப் பெரும்பாலும் அடுப்பின் பக்கமே தீர்ந்து வந்திருக்கிறது என்பதற்கு, ஐந்து விரல்களின் தடத்தோடு சுவரெங்கும் காய்ந்துகொண்டிருக்கும் வறட்டிகளே சாட்சி. வறட்டி எரியும்போது பயிருக்குச் சேரவேண்டிய தழைச்சத்துப் புகையோடு போய்விடுகிறது. அடுப்பூதும் பெண்ணின் கண்ணையும் நெஞ்சையும் அந்தப் புகையே அரிக்கிறது. இவ்விரு நஷ்டங்களையும் ஒருசேரத் தவிர்க்க முயன்றவர்களின் சரித்திரத்தை, கோபர் காஸ் என்று ஜனங்கள் அழைக்கும் சாண எரிவாயுவின் சரித்திரம் என்றே சொல்லலாம்.

ஏரிச் சேற்றிலிருந்து குமிழியிடும் வாயு தீப்பற்றி எரியக்கூடியது என்பதை இத்தாலியரான வோல்டா 1776-ஆம் ஆண்டிலேயே கண்டறிந்திருந்தார். பம்பாய் மாதுங்காவிலிருந்த தொழுநோயாளர் இல்லத்தில் 1897-இல் மனிதக் கழிவிலிருந்து வாயு எடுத்தனர். சாணத்தைக் கொண்டு முறையான பரிசோதனைகளை 1939-ஐ ஒட்டி டில்லி வேளாண்மை ஆராய்ச்சி நிலையத்தில் எஸ். வி. தேசாய் நடத்தினார், எனினும் அது விவசாயியின் கொல்லைக்கு வந்து சேர்ந்தது, 1951-இல் ஜஷ்பாய் படேல் 'கிராமலட்சுமி' என்னும் அமைப்பை உருவாக்கிய பிறகுதான். பின்னர் அதனைக் கதர் கிராமத் தொழில் கமிஷன் ஏற்று நாடெங்கும் பரப்பிற்று.

அதன் சூக்ஷ்மம் எளியது. செங்கல்லால் கட்டிய கிணற்றில், சாணத்தைச் சம அளவு நீரோடு கரைத்து ஊற்றுவார்கள். காற்றுப் புகாத அவ்விருளில் நுண்ணுயிர்கள் அதனைச் சிதைக்க, எழும் வாயு மேலே கவிழ்த்திருக்கும் இரும்பு டிரம்மில் சேரும். கரைக்கும் தொட்டியிலே கைவிட்டு வைக்கோல் துணுக்குகளைப் பொறுக்கியெடுக்கும் பெண்ணையும், இரவெல்லாம் உயர்ந்து நின்ற டிரம் காலைச் சமையல் நடக்க நடக்க அங்குலம் அங்குலமாக அமிழ்வதையும் அருகிருந்து பார்த்தவர்களுக்கு, இதைவிடத் தெளிவான கணக்கேடு வேறு வேண்டியதில்லை. அடுப்பில் நீலச் சுடர், பாத்திரத்தில் கரியில்லை. மறுபுறத்தில் வழியும் கரைசலோ தழைச்சத்துக் குறையாத எருவாக வயலுக்குப் போகிறது.

ஆயினும் அந்த இரும்பு டிரம்மே ஏழைக்குத் தடையாயிற்று. செலவில் பெரும்பங்கை அதுவே விழுங்கியது. ஆண்டுதோறும் வர்ணம் பூசாவிட்டால் துருப்பிடித்து ஓட்டையாகும். அதோடு, சிறு குடும்பத்துக்குரிய அமைப்புக்கே நாலைந்து மாடுகளின் சாணம் தேவைப்பட்டதால், ஒற்றைப் பசு வைத்திருந்தவர்கள் ஒதுங்கியே நின்றார்கள். இதுவே எனக்கு மிகுந்த வருத்தம் தருவது. உத்தரப் பிரதேசத்து அஜித்மாலில் 1978-இல் உருவான 'ஜனதா' அமைப்பும், 1984-இல் வந்த 'தீனபந்து'வும் டிரம்மை அறவே நீக்கி, தரைக்கடியில் செங்கல் குவிமாடம் எழுப்பின. செலவு குறைந்தது, ஆனால் மயிரிழை வெடிப்பு இருந்தாலும் வாயு கசிந்துவிடுமாகையால், எல்லாப் பாரமும் கொத்தனாரின் கரணையைச் சார்ந்தது.

மாடில்லாத நகரத்தாருக்கும் 2003-ஐ ஒட்டிப் புனாவில் ஒரு வழி பிறந்தது. சாணமென்பது மாடு ஜீரணித்தது போக எஞ்சியதே என்பதையும், ஜீரணமாகாத மாவுப்பொருளில் சக்தி மிகுதி என்பதையும் எண்ணிப் பார்த்த ஆனந்த் கார்வே, மொட்டைமாடிகளில் வைக்கும் பிளாஸ்டிக் தண்ணீர்த் தொட்டியையே வெட்டி, ஒன்றின்மேல் ஒன்றைக் கவிழ்த்து வாயுக்கலமாக்கினார். தொடக்கத்தில் மட்டும் அதற்குச் சாணக் கரைசல் வேண்டும். பிறகு ஊசிப்போன சோறும் சமையலறைக் கழிவுமே போதும்.