நீடித்தலும் பற்றும்: ஜப்பானிய, அமெரிக்கப் பணியாளர்கள் குறித்து ஒரு மறுபார்வை

ஜப்பானியத் தொழிலாளி நிறுவனத்தைக் குடும்பமாகக் கருதுகிறார். அமெரிக்கத் தொழிலாளியோ கூடுதல் சம்பளம் கிடைத்தால் மறுநாளே கிளம்பிவிடுகிறார். மேலாண்மை நூல்கள் அரை நூற்றாண்டுக்கும் மேலாகச் சொல்லிவரும் கூற்று இது. 1958இல் ஜப்பானிய ஆலைகள் பற்றி ஜேம்ஸ் அபெக்லன் எழுதிய நூலே இதற்குக் கால்கோளிட்டது. வாழ்நாள் வேலை என்ற ஏற்பாட்டை அவர் அந்நாட்டுச் சமூக மரபின் தொடர்ச்சியாகக் கண்டார். ஆனால் 1980களில் ஜேம்ஸ் லிங்கன், ஆர்ன் கல்லெபெர்க் இருவரும் இண்டியானாபொலிஸ் பகுதியிலும் ஜப்பானின் அட்சுகி பகுதியிலும் எட்டாயிரத்துக்கும் மேற்பட்ட தொழிலாளர்களிடம் நடத்திய கணிப்பு வேறொன்றைக் காட்டியது. வேலையில் மனநிறைவு அமெரிக்கர்களிடமே அதிகம். நிறுவனப் பற்றிலும் ஜப்பானியர் முந்தவில்லை. கேள்வித்தாளுக்கு அடக்கமாகப் பதில் எழுதுவது ஜப்பானியர் இயல்பு என்று இதைத் தள்ளிவிடுவோர் உண்டு. அதற்கும் ஓரளவு இடம் கொடுக்கலாம். ஆயினும் பற்று மிகுதி என்ற கூற்றை நிறுவ அந்தச் சமாதானம் போதாது.

ஒருவர் ஒரே நிறுவனத்தில் நீடிப்பதையும் அதன்மீது பற்று வைப்பதையும் ஒன்றாகக் கொண்டதே பிழையின் வேர் என்பது இக்கட்டுரையின் வாதம். நீடிப்பதற்கான காரணத்தை மனத்தில் தேடுவதற்குமுன் சட்டத்திலும் சம்பளப் பட்டியலிலும் தேட வேண்டும்.

மரபு என்ற விளக்கத்தை ஜப்பானின் வரலாறே ஏற்கவில்லை. மெய்ஜிக் கால நூற்பாலைப் பெண்கள் விடுதிகளிலிருந்து தப்பியோடியதை 1903இல் வெளியான அரசு அறிக்கையே பதிவு செய்திருக்கிறது. கைத்தேர்ச்சி பெற்ற ஆண்களும் ஆலைக்கு ஆலை மாறிக்கொண்டிருந்தார்கள் என்பதை ஆண்ட்ரூ கோர்டனின் ஆய்வுகள் விரிவாகக் காட்டுகின்றன. போருக்குப்பின் ஆட்குறைப்பை எதிர்த்து 1950இல் டொயோட்டாவில் வேலைநிறுத்தம் வெடித்தது. அதன் முடிவில் தலைவர் கிய்ச்சிரோ டொயோடாவே பதவி விலக நேர்ந்தது. 1953இல் நிசானும் 1960இல் மீகே சுரங்கமும் இன்னும் கசப்பான போராட்டங்களைக் கண்டன. ஆட்களை வெளியேற்றினால் எவ்வளவு செலவாகும் என்பதை இவற்றில் கற்ற நிர்வாகங்கள் வேலைப் பாதுகாப்பை உறுதியாக்கின. நியாயமான காரணமில்லாத பணிநீக்கம் செல்லாது என்ற கோட்பாட்டை 1975இல் உச்ச நீதிமன்றமும் உறுதிசெய்தது.

அரசின் வரிவிதியும் இதே திசையில் தள்ளியது. ஓய்வுத்தொகைக்கான வரிக்கழிவு முதல் 20 பணியாண்டுகளுக்கு ஆண்டுக்கு 4 லட்சம் யென். அதற்கு மேற்பட்ட ஒவ்வோர் ஆண்டுக்கும் 7 லட்சம். 38 ஆண்டுகள் ஒரே நிறுவனத்தில் இருந்தவருக்கு 2 கோடியே 6 லட்சம் யென் கழிகிறது. அதே காலத்தை 19, 19 ஆண்டுகளாக இரண்டு நிறுவனங்களில் கழித்தவருக்கு மொத்தம் 1 கோடியே 52 லட்சம்தான். நடுவயதில் வேலை மாற நினைப்பவர் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்காமலா இருப்பார்?

பாதுகாப்புக்கு ஈடாகக் கேட்கப்பட்டது சிறிதன்று. டோவா பெயிண்ட் நிறுவனத்தின் கோபே அலுவலக ஊழியர் ஒருவர் நகோயாவுக்கு மாறுதலை ஏற்க மறுத்தார். வீட்டில் 71 வயதுத் தாய், மழலையர் காப்பகத்தில் வேலை பார்க்கும் மனைவி, 2 வயதுக் குழந்தை. அவர் பணிநீக்கப்பட்டார். இந்தச் சிரமம் ஒரு பணியாளர் சாதாரணமாகப் பொறுத்துக்கொள்ள வேண்டியதுதான் என்று 1986இல் உச்ச நீதிமன்றம் நிறுவனத்தின் பக்கம் நின்றது. வேலையை விட்டு விலக்குவது கடினம். ஊரை விட்டு ஊர் அனுப்புவது எளிது. வெளியிலிருந்து விசுவாசமாகத் தெரிவது பெரும்பாலும் இந்தப் பேரம்தான்.

அமெரிக்காவில் பேரம் வேறு. ஹோரஸ் உட் 1877இல் எழுதிய சட்டநூலின் வழியாகப் பரவிய கோட்பாடு, இரு தரப்பும் எப்போது வேண்டுமானாலும் காரணம் சொல்லாமல் உறவை முறித்துக்கொள்ளலாம் என்றது. மொன்டானா மட்டும் 1987இல் தனிச் சட்டம் இயற்றி இதிலிருந்து விலகியது. இருந்தும் அமெரிக்க நிறுவனங்கள் ஆட்களைப் பிடித்துவைக்க முயலாமல் இல்லை. 1913இல் ஃபோர்டு ஆலையில் ஆண்டுக்கு 370 விழுக்காடு ஆள் மாற்றம் நிகழ்ந்தது. அடுத்த ஆண்டே ஐந்து டாலர் நாட்கூலி வந்தது. ஐபிஎம் 1990களின் தொடக்கம்வரை ஆட்குறைப்பைத் தவிர்த்தே வந்தது. வேலையோடு பிணைந்த மருத்துவக் காப்பீடு பலரைப் பிடிக்காத வேலையிலும் கட்டிப்போட்டது. அதை யாரும் விசுவாசம் என்று அழைக்கவில்லை என்பது கவனத்துக்குரியது.

கலிபோர்னியாவின் ஃப்ரீமான்ட் ஆலை இவ்வாதத்துக்கு வலுவான சான்று. வேலைக்கு வராமை மலிந்த அந்த ஆலையை ஜெனரல் மோட்டார்ஸ் 1982இல் மூடியது. 1984இல் டொயோட்டாவுடன் கூட்டாகத் திறந்தபோது வேலைக்கு வந்தவர்களில் பெரும்பாலோர் பழைய ஆட்களே, தொழிற்சங்கமும் அதே. வராமை வெகுவாகக் குறைந்தது. ஒப்பந்தத்தில் ஒரு வாசகம் இருந்தது: ஆட்களைக் குறைக்குமுன் அதிகாரிகளின் சம்பளத்தைக் குறைக்க வேண்டும், வெளியே கொடுத்த வேலைகளைத் திரும்பப் பெற வேண்டும். 1988இல் விற்பனை சரிந்தபோது ஒருவரும் வெளியேற்றப்படவில்லை. உபரி ஆட்கள் பயிற்சிக்கு அனுப்பப்பட்டார்கள். அமெரிக்கப் பண்பாட்டில் ஊறியவர்கள் ஆலையின் விதி மாறியதும் நடத்தையை மாற்றிக்கொண்டார்கள்.

பண்பாட்டுக்குப் பங்கே இல்லை என்று நான் சொல்லவில்லை. மேலதிகாரி எழுந்து போகும்வரை இருக்கையில் அமர்ந்திருப்பதை வரிவிதியால் விளக்க முடியாது. ஆனால் அதே பண்பாட்டில் வளர்ந்து, இன்று ஜப்பானியப் பணியாளர்களில் மூன்றில் ஒரு பங்குக்கும் அதிகமாக உள்ள நிரந்தரமற்ற ஊழியர்களிடம் வாழ்நாள் பற்றை எந்த நிறுவனமும் எதிர்பார்ப்பதில்லை. நிரந்தர ஊழியரின் பேரமும் இப்போது எழுத்துக்கு வருகிறது. வேலைக்குச் சேர்க்கும்போதே பணியிடமும் பணியும் எந்த வரம்புக்குள் மாறலாம் என்பதை எழுதித்தர வேண்டும் என்ற விதி 2024 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது. பணிவகை வரையறுக்கப்பட்ட ஊழியரை அவர் சம்மதமின்றி வேறு பணிக்கு மாற்ற முடியாது என்று அதே மாதம் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.