திருப்புகிற குமிழ்

2003 ஆகஸ்ட் 14 பின்னேரம், நாலு மணி கழிந்து சில நிமிடங்களில் ஒன்ராறியோவில் மின்சாரம் நின்றது. வடகிழக்கு அமெரிக்காவையும் சேர்த்து ஏறத்தாழ ஐந்து கோடிப் பேர் இருட்டில் இருந்தார்கள். யாழ்ப்பாணத்தில் ஜாம் போத்தல் விளக்கில் படித்து வந்தவர்களுக்கு அது பெரிய புதினமில்லை.

அடுத்த ஆண்டே மாகாண அரசு, 2010க்குள் எல்லா வீடுகளுக்கும் ஸ்மார்ட் மீற்றர் என்று அறிவித்தது. எவ்வளவு மின்சாரம் என்பதோடு, எந்த நேரத்து மின்சாரம் என்பதும் பில்லில் ஏறியது. இரவு ஏழு மணிக்குப் பிறகே உடுப்புத் தோய்ப்பது என்பது பிறம்ரனில் பல வீடுகளுக்கு வழக்கமாயிற்று.

ஆனால் மீற்றர் அளக்கும், மிச்சம் பிடிக்காது. சூட்டையும் குளிரையும் ஆள்வது சுவரில் இருக்கும் தெர்மோஸ்ரற். 1953இல் ஹனிவெல் வெளியிட்ட வட்டக் கருவியை ஹென்றி ட்ரைஃபஸ் வடிவமைத்தார். திருப்பினால் கூடும், குறையும். எந்த மொழிக்காரருக்கும் விளங்கும். பின்னர் நேர அட்டவணை போடும் கருவிகள் வந்தன. கணக்கின்படி அவை நிறைய மிச்சம் பிடிக்கவேண்டும். பொத்தான்களோடு மல்லுக்கட்ட முடியாமல் பலர் அட்டவணையைக் கைவிட்டார்கள். 2009 முடிவில் அமெரிக்காவின் எனர்ஜி ஸ்ரார் திட்டம் அவற்றுக்குக் கொடுத்துவந்த முத்திரையை நிறுத்திக்கொண்டது.

2007இல் ஸ்ருவேட் லொம்பார்ட் ரொறொன்ரோவில் தொடங்கிய இகோபீ நிறுவனம் இந்தச் சிக்கலில்தான் கைவைத்தது. இணையத்தோடு இணைந்த தெர்மோஸ்ரற் முதலில் வந்தது. 2014இல் அறைகளில் வைக்கும் சிறு உணரிகளும் சேர்ந்தன. சுவர் இருக்கும் இடத்தை விட்டு, ஆள் இருக்கும் அறையைப் பார்க்கக் கருவி பழகியது.

எங்கள் வீட்டுக் கருவிக்கு அட்டவணை போட்டது நான். பகலில் எல்லோரும் வேலைக்கும் பள்ளிக்கும் போய்விடுவோம், 17 பாகை போதும் என்று நினைத்தேன். அந்த ‘எல்லோரும்’ என்பதில் அம்மாவை நான் சேர்க்கவில்லை. ஒரு தை மாதம் வெள்ளென வீடு வந்தேன். இரண்டு சுவெற்றர் போட்டு, போர்வையும் போர்த்து, அடுப்படிக் கதிரையில் இருந்தா.

“ஏனம்மா கூட்டேல்லை?”

“உன்ர போனுக்குள்ள கிடக்கிறதை நான் எப்படித் தம்பி தொடுறது?”

அந்த மாதப் பில் குறைந்துதான் வந்தது. மிச்சம் பிடித்தது கருவியல்ல, அம்மா.

இப்போது அடுப்படியில் ஓர் உணரி இருக்கிறது. அதோடு திருப்புகிற குமிழ் ஒன்றும் வேண்டுமென்று அம்மா கேட்கிறா. 1953இல் அது இருந்தது.