கணக்கு யாருக்குக் காட்டப்பட்டது?

2005 ஆகஸ்டில் இங்கிலாந்தின் அறநிறுவன ஆணைக்குழு, அங்கே பதிவு பெற்றிருந்த தமிழர் புனர்வாழ்வுக் கழகத்தைத் தனது பதிவேட்டிலிருந்து நீக்கியது. சுனாமி முல்லைத்தீவுக் கரையைத் துடைத்தெடுத்து எட்டு மாதங்கள்கூட ஆகியிருக்கவில்லை. கிளிநொச்சியிலிருந்து இயங்கிய அக்கழகத்தின் பெயரில் வன்னியில் சிறுவர் இல்லங்களும் முன்பள்ளிகளும் நடந்துகொண்டிருந்தன. அனுப்பிய பணம் இங்கே எதற்குச் செலவானது என்பதை அங்கிருந்த அறங்காவலர்களால் திருப்திகரமாகக் காட்ட முடியவில்லை என்பதே ஆணைக்குழு கண்ட குறை. செலவிடும் இடங்களைப் புலிகளுடன் கலந்தே தீர்மானித்தார்கள் என்றும் அறிக்கை சொன்னது. 2007 நவம்பரில் அமெரிக்கத் திறைசேரி கழகத்தின் சொத்துக்களை முடக்கியது. அதே மாதம் இலங்கை அரசும் தடை விதித்தது.

இதை அரசியலாகப் பேசி அலுத்துவிட்டோம். பழிவாங்கல் என்றார் ஒருவர், பயங்கரவாதம் என்றார் மற்றவர். அதற்குள் இருந்த சாதாரணக் கணக்கு விடயம் யாருடைய கண்ணிலும் படவில்லை. லண்டனில் இரவு வேலை பார்த்துப் பணம் கொடுத்தவருக்கு அது கூரையானதா என்று தெரியாது. கூரையின் கீழ் இருந்த பிள்ளையின் தாய்க்குத் தன் பிள்ளையின் பெயரால் எவ்வளவு சேர்ந்தது என்று தெரியாது. நடுவில் நிற்பவருக்கு மட்டுமே இரண்டு முனையும் தெரியும். அவர் நல்லவரா கெட்டவரா என்பது அதற்குப் பிறகு வரும் கேள்வி.

யுத்த பூமி, ஆயுதம் ஆண்ட இடம், அங்கே பற்றுச்சீட்டுக்கு எங்கே போவது என்று சமாதானம் சொல்லலாம். ஆனால் சட்டமும் கணக்காளர்களும் நிறைந்த அமெரிக்காவிலும் இதுவே நடந்தது. மலையேறியான கிரெக் மோர்ட்டன்சனும் ஷான் ஹோர்னி என்ற செல்வந்தரும் 1996இல் மத்திய ஆசிய நிறுவனத்தைத் தொடங்கினார்கள். பாகிஸ்தானின் பல்திஸ்தானிலும் பின்னர் ஆப்கானிஸ்தானிலும் பாடசாலை கட்டுவது, குறிப்பாகப் பெண்பிள்ளைகளைப் படிக்கவைப்பது அதன் வேலை. 2006இல் 'மூன்று கோப்பைத் தேநீர்' என்ற அவருடைய நூல் வந்ததும் பணம் கொட்டியது. அமெரிக்கப் பாடசாலைப் பிள்ளைகள் உண்டியலில் சில்லறை சேர்த்துக் கொடுத்தார்கள். ஒபாமா தமது நோபல் பரிசுத் தொகையிலிருந்து ஒரு இலட்சம் டொலர் கொடுத்தார்.

2011 ஏப்ரலில் சிபிஎஸ் தொலைக்காட்சி, முப்பது பாடசாலைகள் வரையில் நேரில் போய்ப் பார்த்ததாகவும், அவற்றில் ஏறக்குறையப் பாதி வெறுமையாகக் கிடந்தன, அல்லது வேறு யாரோ கட்டியவை, அல்லது எந்த உதவியும் பெறாதவை என்றும் அறிவித்தது. மோர்ட்டன்சன் தரப்பு இதை மறுத்தது. முன்னர் நன்கொடை கொடுத்திருந்த எழுத்தாளர் ஜோன் கிராக்கவர், நூலில் உள்ள கதைகளே பொய் என்று ஒரு சிறுநூல் எழுதினார். நமக்கு உறைக்க வேண்டிய ஒன்று அதில் உண்டு. வசீரிஸ்தானில் தலிபான்கள் தன்னைக் கடத்தி வைத்திருந்ததாக மோர்ட்டன்சன் எழுதியிருந்தார். அவர் வெளியிட்ட படத்தில் நின்றவர்களில் ஒருவர் இஸ்லாமாபாத்தில் ஆய்வு நிறுவனமொன்றின் பணிப்பாளர். அவரை நாங்கள் விருந்தாளியாகத்தான் வைத்திருந்தோம் என்றார் அந்த மனிதர். சோறு போட்டவனைக் கடத்தல்காரனாக்கினால் மேற்கில் உண்டியல் நிறையும் என்பதும் ஒரு கணக்குத்தான்.

மொன்டானா மாநிலச் சட்டமா அதிபரின் அறிக்கை 2012இல் வந்தது. அவருடைய நூல்களைக் கடைவிலைக்கு வாங்க நிறுவனம் ஏறத்தாழ 40 இலட்சம் டொலர் செலவிட்டிருந்தது. அதற்கான உரிமைத்தொகை அவருடைய பைக்குப் போனது. விளம்பரத்துக்கும் விமானத்துக்கும் போனது வேறு. இயக்குநர் சபையில் இருந்தது மூன்றே பேர், அவர்களில் ஒருவர் மோர்ட்டன்சன். கணக்குக் கேட்ட ஊழியர்களை அவர் எதிர்த்தார் அல்லது காதில் போட்டுக்கொள்ளவில்லை. பத்து இலட்சம் டொலருக்கு மேல் திருப்பிச் செலுத்த அவர் இணங்கினார். வாக்குரிமையையும் நிதிப்பொறுப்பையும் இழந்தார். குற்றவழக்கு ஏதும் தொடரப்படவில்லை. அறிக்கையே ஒப்புக்கொள்வது போல, அந்த நிறுவனம் செய்த நல்ல வேலையும் உண்மைதான். நன்மை செய்கிறவரிடம் கணக்குக் கேட்க நாக்கு கூசும். அந்தக் கூச்சத்தின் மறைவில்தான் இத்தனையும் நடந்தது.

அமெரிக்கப் பிள்ளைகளின் சில்லறைக்காக ஒரு சட்டமா அதிபர் கேட்டார். பல்திஸ்தான் கிராமத்தாரிடம் அந்தக் கணக்கை யார் கொண்டுபோய்க் காட்டினார்கள்?

நம் நாட்டில் சட்டம் இல்லாமல் இல்லை. தன்னார்வ சமூக சேவை அமைப்புகளைப் பதிந்து மேற்பார்வை செய்யும் சட்டம் 1980இல் வந்தது. மோசடிக் குற்றச்சாட்டுக்கு ஆதாரம் இருந்தால் இடைக்கால முகாமைத்துவ சபை நியமிக்க 1998இன் திருத்தம் இடமளித்தது. ஆனால் கேள்வி எழும்போதெல்லாம் அரசியலின் நிழலும் கூடவே வந்தது. 1990இல் பிரேமதாச அரசு அமைத்த ஆணைக்குழு சர்வோதயத்தைக் குறிவைத்தது என்று பரவலாகப் பேசப்பட்டது. அந்த ஆண்டில்தான் வடக்கு முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டு, நிவாரணத்தை நம்பிப் புத்தளத்து ஓலைக் கொட்டில்களில் வந்து விழுந்தார்கள். 2008 செப்டெம்பரில் தொண்டு நிறுவனங்கள் வன்னியை விட்டு வெளியேறும்படி பணிக்கப்பட்டன. பணம் மட்டுமல்ல, சாட்சிகளும் போனார்கள். கணக்கைச் சாட்டாக வைத்து வாயடைப்பதும் நடந்த நாட்டில், கணக்குக் கேட்கிறவன் சந்தேகத்துக்குரியவனாகிறான்.

பாடசாலை அபிவிருத்திச் சங்கப் பணத்தில் ஒரு பெட்டி வெண்கட்டி வாங்கினாலும் பற்றுச்சீட்டு ஒட்டவேண்டும்; கணக்காய்வாளர் வந்தால் பதில் சொல்லவேண்டும். வெளிநாட்டு நிதியில் கட்டிய வகுப்பறை கையளிக்கப்படும்போது அதிபரிடம் சாவி தரப்படும், சுவரில் கொடையாளியின் பெயர் பதிக்கப்படும். செலவு விபரம் தரப்பட்டதை நான் கண்டதில்லை.

1956இன் வக்பு சட்டப்படி பள்ளிவாசல் நம்பிக்கைப் பொறுப்பாளர்கள் கணக்குச் சமர்ப்பிக்கவேண்டும். அமானிதம் என்று சொல்லிக்கொண்டு அதைத் தட்டிக்கழிப்பவர்கள் நம்மிடமும் உண்டு. ஆனாலும் சில ஊர்களில் ஜும்ஆ முடிந்ததும் மாத வரவு செலவு அறிவித்தல் பலகையில் ஒட்டப்படுகிறது. யாராவது ஒரு முதியவர் மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டு, மின்சாரக் கட்டணம் ஏன் கூடியது என்று நிர்வாகியைக் கேட்கிறார். தன் பேரப்பிள்ளை இருந்து படிக்கும் வகுப்பறையைப் பற்றி அப்படிக் கேட்க அவருக்கு எந்தத் தாளும் ஒட்டப்படுவதில்லை.