நாயின் தினவு: காரணம் தேடிய வரலாறு

வீட்டு நாய் ஓயாமல் சொறிந்துகொள்கிறது. முன்னங்கால் பாதங்களை நக்குகிறது, முகத்தை விரிப்பில் தேய்க்கிறது, காதுகளை உதறுகிறது. இரவில் அதன் உறக்கமும் கெடுகிறது. வீட்டாரின் உறக்கமும் கெடுகிறது. மருந்து தடவினால் சில நாட்கள் அடங்கி, பின்னர் முன்னைவிட மிகுந்து எழுகிறது. நாயென்றால் சொறியத்தான் செய்யும் என்று சிலர் விட்டுவிடுகின்றனர். வேறு சிலரோ வெறுப்புற்று அதனைத் தெருவிலேயே விட்டுவிடுகின்றனர். சொறிநாய் என்பதை வசைச்சொல்லாகவே வழங்கிய நாம், அந்த நாய் ஏன் சொறிகின்றது என்று கேட்டறிய நெடுங்காலம் முற்பட்டோமில்லை. அக்கேள்விக்கு விடை கிடைத்த வரலாறு முந்நூறு ஆண்டுகளுக்கும் மேற்பட்டது. பல நாடுகளில் பலர் முயன்று கண்ட விடை அது.

தோல்நோய் யாவும் உடலின் உள்ளிருந்தே கிளம்புகின்றன என்பது முன்னோர் பலரின் கருத்து. ஐரோப்பாவில் நால்வகை உடல்நீர்களின் குறை நிறைகளைக் காரணமாகக் கூறினர். நம் நாட்டில் வாத பித்த சிலேத்துமங்களின் மாறுபாட்டைக் கூறினர். இரத்தம் கெட்டுவிட்டது என்ற சொல் இன்றும் நம்மவர் வாயில் வழங்குகின்றது. இக்கருத்தை முதன்முதலாக அசைத்தது 1687ஆம் ஆண்டில் இத்தாலியில் எழுதப்பெற்ற ஒரு கடிதம். ஜோவானி கோசிமோ பொனோமோ என்னும் மருத்துவர், மருந்துக்கடை நடத்திய செஸ்டோனி என்பவரோடு கூடி, சிரங்குற்றோரின் தோலிலிருந்து நுண்ணிய பூச்சியொன்றை எடுத்து உருப்பெருக்கியில் கண்டார். அப்பூச்சியே சிரங்குக்குக் காரணம் என்று பிரான்செஸ்கோ ரெடி என்னும் அறிஞருக்கு எழுதினார். ஆயினும் பழங்கொள்கையில் ஊறியிருந்த மருத்துவ உலகம் அதனை ஏற்றுக்கொள்ளவில்லை.

1812ஆம் ஆண்டில் பாரிசு நகரில் காலே என்பவர் சிரங்குப்பூச்சியைத் தாம் கண்டதாக அறிவித்துப் படமும் வெளியிட்டார். அப்படத்தில் இருந்தது பாலாடைக்கட்டியில் வாழும் வேறொரு பூச்சி என்று பின்னர் ஐயம் எழவே, பூச்சியைப் பற்றிய பேச்சே நகைப்புக்கு இடமாயிற்று. 1834ஆம் ஆண்டில் ரெனூச்சி என்னும் மாணவர் இவ்வழக்கைத் தீர்த்து வைத்தார். அவர் கோர்சிகா தீவினர். அத்தீவின் எளிய பெண்கள் சிரங்குற்றோரின் தோலிலிருந்து ஊசிமுனையால் பூச்சியை எடுப்பதை அவர் பார்த்திருந்தார். அம்முறையையே பாரிசின் மருத்துவமனையில், ஆசிரியர்கள் பார்த்திருக்கச் செய்து காட்டினார். பேராசிரியர்கள் மறுத்த உண்மை நாட்டுப்புறப் பெண்களுக்கு வழக்கமான செய்தியாக இருந்தது.

இக்கண்டுபிடிப்பு மனிதரோடு நின்றுவிடவில்லை. நாய்க்கு வரும் கொடிய சொறியும் இதே இனப்பூச்சியால் விளைவதே. காதுகளின் ஓரத்திலும் முழங்கை மூட்டிலும் தொடங்கி, மயிர் உதிர்ந்து, தோல் தடித்துப் பொருக்குத்தட்டும் நிலையை நம் நகரங்களின் தெருக்களில் இன்றும் காணலாம். அந்நாயை அணைத்துத் தூக்குவோருக்கும் சில நாட்கள் அரிப்பு உண்டாகும். நாய் குணமடைந்தபின் அது தானே நீங்கிவிடும். காரணம் இன்னதென்று தெரிந்தமையால் இந்நோய்க்கு மருந்தும் அமைந்தது. 1980களில் வழக்குக்கு வந்த ஐவர்மெக்டின் என்னும் மருந்துக்கு அடிகோலிய ஆராய்ச்சிக்காக வில்லியம் காம்பெல், சதோஷி ஓமுரா ஆகிய இருவருக்கும் 2015ஆம் ஆண்டில் நோபல் பரிசு வழங்கப்பெற்றது.

ஆனால் பூச்சி ஒன்றுமே காணப்படாத நாய்களும் சொறிந்துகொண்டுதான் இருந்தன. அவற்றின் நோயை விளக்க வேறொரு கருத்துப் பிறக்க வேண்டியிருந்தது. அதற்கு வித்திட்டவர்களுள் ஒருவர் மாஞ்செஸ்டர் நகரத்து மருத்துவர் சார்லஸ் பிளாக்லி. ஆண்டுதோறும் தும்மலாலும் மூக்கு நீராலும் வருந்திய அவர், புல்லின் மகரந்தத்தைத் தம் தோலிலேயே கீறித் தேய்த்து அவ்விடம் தடிப்பதைக் கண்டு, 1873ஆம் ஆண்டில் நூலாக வெளியிட்டார். பிறருக்குத் தீங்கிழைக்காத பொருள் ஒருவருக்கு மட்டும் பகையாகக்கூடும் என்பது இதனால் புலனாயிற்று.

இதன்பின் நிகழ்ந்தது இவ்வரலாற்றின் நடுநாயகமான நிகழ்ச்சி. அதில் நாய்க்கும் பங்குண்டு. பிரெஞ்சு அறிஞர்களான சார்லஸ் ரிஷேயும் பால் போர்ட்டியேயும் மொனாக்கோ இளவரசர் முதலாம் ஆல்பர்ட்டின் கப்பலில் கடற்பயணம் செய்து, கொட்டும் கடலுயிர்களின் நஞ்சை ஆராய்ந்தனர். பாரிசுக்குத் திரும்பியபின் கடற்சாமந்தியின் நஞ்சை நாய்களுக்குச் சிறிதளவு ஏற்றினர். அம்மைப்பாலைப் போலவே இதுவும் உடலுக்குக் காவலாகும் என்பது அவர்கள் எதிர்பார்ப்பு. நெப்டியூன் என்னும் திடமான நாய் முதல் ஊசியை எளிதில் தாங்கிற்று. சில வாரங்கள் கழித்து மீண்டும் ஊசி போட்டபோதோ, முன்னர்த் தீங்கு செய்யாத நஞ்சே அரைமணி நேரத்துக்குள் அதன் உயிரைக் குடித்தது. காவலே பகையாக மாறிய இவ்வியப்பை 1902ஆம் ஆண்டில் அவர்கள் உலகுக்கு அறிவித்தனர். ரிஷேக்கு 1913ஆம் ஆண்டில் நோபல் பரிசு கிடைத்தது. இடையில் 1906ஆம் ஆண்டில் வியன்னா நகரத்து மருத்துவர் கிளெமென்ஸ் வான் பிர்க்கே, இத்தகைய மாறுபட்ட எதிர்வினைகளைக் குறிக்க அலர்ஜி என்னும் சொல்லைக் கிரேக்க வேர்களிலிருந்து ஆக்கினார். அதனையே நாம் தமிழில் ஒவ்வாமை என்கிறோம்.

ஒவ்வாமையின் இயல்பை நாய்தான் தன் உயிரைக் கொடுத்து மனிதனுக்குக் கற்பித்தது. ஆனால் அந்த நாய்க்கும் இயற்கையாக ஒவ்வாமை நோய் வருவதுண்டு என்பதை மனிதன் உணர மேலும் நாற்பது ஆண்டுகள் ஆயின. அதுவரை நாயின் தீராத அரிப்பை எக்சிமா என்று பொதுப்பெயரிட்டு, வெப்பத்தின்மீதும் உணவின்மீதும் பழியைப் போட்டுவந்தனர். 1941ஆம் ஆண்டில் அமெரிக்க மருத்துவர் விட்டிச், மகரந்தத்தால் பருவந்தோறும் வருந்திய நாயொன்றைப் பற்றி எழுதினார். அதே மகரந்தத்தின் சாரத்தை ஊசிவழியே சிறுகச் சிறுக ஏற்றி அதனைப் பழக்கியதையும் குறித்தார். இம்முறையை மனிதருக்கென 1911ஆம் ஆண்டில் இலண்டனில் வகுத்தவர் லெனார்டு நூன். இன்றும் ஒவ்வாமையின் வேரையே தொடும் மருத்துவம் இது ஒன்றே எனலாம்.

ஒவ்வாமையை உடலில் சுமந்து திரிவது யாது என்ற வினா எஞ்சி நின்றது. 1921ஆம் ஆண்டில் மீன் ஒவ்வாத கியூஸ்ட்னர் என்பவரின் குருதிநீரைப் பிரவுஸ்னிட்ஸ் என்பவர் தம் தோலில் ஏற்றிக்கொண்டு, மறுநாள் அவ்விடத்தில் மீன்சாரத்தை ஏற்ற, அங்குத் தடிப்பு எழுந்தது. பகை குருதியில் உறைகின்றது என்பது தெளிவாயிற்று. அது இன்ன பொருள் என்று அறிய மேலும் நாற்பத்தைந்து ஆண்டுகள் சென்றன. 1966, 1967ஆம் ஆண்டுகளில் அமெரிக்காவில் இஷிசாகா தம்பதியரும் சுவீடனில் ஜோஹான்சன், பென்னிக் ஆகியோரும் தனித்தனியே அதனைக் கண்டனர். இம்யூனோகுளோபுலின் ஈ என்பது அதன் பெயர். நாயின் குருதியிலும் அதற்கிணையான பொருள் உண்டென்பது 1970களில் நிலைநாட்டப்பெற்றது.

ஒவ்வாத பொருள்களின் பட்டியலும் வளர்ந்தது. 1964ஆம் ஆண்டில் ஹாலந்து நாட்டின் லைடன் நகரத்து ஆய்வாளர்கள், வீட்டுத் தூசியின் தீங்குக்குக் காரணம் அதில் வாழும் கண்ணுக்குத் தெரியாத பூச்சியே என்று காட்டினர். நாய்களுக்கும் இத்தூசிப்பூச்சியே பெரும்பகை. தெள்ளுப்பூச்சி கடிக்கும்போது தோலில் இறங்கும் எச்சிலும் அத்தகையதே. ஒவ்வாமை கொண்ட நாய்க்கு ஒருசில கடிகளே போதும். இடுப்பின் பின்புறத்தையும் வாலின் அடியையும் அது கடித்துக் கடித்துப் புண்ணாக்கிக்கொள்ளும். நாயின் உடலில் காணும் தெள்ளுகள் மிகச் சிலவே. எஞ்சியவை முட்டையாகவும் புழுவாகவும் கூட்டுப்புழுவாகவும் வீட்டின் விரிப்பிலும் இடுக்கிலும் இருக்கின்றன. நாயை மட்டும் குளிப்பாட்டி ஓய்வோருக்கு நோய் திரும்புவதன் மருமம் இதுவே.

இவ்விடத்தில் தேடலுக்கு ஒரு தடையும் நேர்ந்தது. 1948ஆம் ஆண்டில் கீல்வாத நோயாளிகளுக்கு முதலில் அளிக்கப்பெற்ற கார்ட்டிசோனும் அதன் வழிவந்த மருந்துகளும் அரிப்பை ஓரிரு நாளில் அடக்கின. இவை வேண்டிய இடத்தில் பெரிதும் பயன்படுபவை. ஆனால் அரிப்பு அடங்கவே, காரணத்தைத் தேடும் ஊக்கமும் அடங்கிற்று. நெடுநாள் கொடுத்தால் மிகுந்த தாகமும் பசியும் உடல்தளர்ச்சியும் தோல் மெலிவும் நேர்ந்தன. 2013ஆம் ஆண்டு முதல் வழக்குக்கு வந்த ஒக்லாசிட்டினிப் போன்ற புதிய மருந்துகள் அரிப்பின் செய்தியை நரம்புக்கு எட்டாமல் தடுக்கின்றன. அவையும் காரணத்தைக் கண்டுபிடிப்பவை அல்ல.

ஆகவே இன்றைய கால்நடை மருத்துவர்கள் ஒரு வரிசையை மேற்கொள்கின்றனர். இதுவரை நாம் சொல்லிவந்த வரலாற்றின் வரிசையை அது பெரிதும் ஒத்தது. முதலில் பூச்சிகள்: தோலைச் சுரண்டி உருப்பெருக்கியில் பார்ப்பர், தெள்ளுக்கும் சொறிப்பூச்சிக்கும், காணப்படாவிடினும், மருந்தளித்துப் பார்ப்பர். அடுத்து, புண்ணில் குடியேறிய நுண்ணுயிர்களையும் பூஞ்சையையும் ஒழிப்பர். ஏனெனில் இவையே அரிப்பை இரட்டிக்கின்றன. மூன்றாவது, உணவு. மாட்டிறைச்சி, பால், கோழி, கோதுமை ஆகியவையே நாய்களிடத்து அடிக்கடி குற்றவாளிகளாகக் காணப்பட்டவை. நாய் முன்னர் உண்டறியாத ஒரே வகை உணவை எட்டு வாரங்கள் அளித்து, வேறொன்றும் வாயில் படாமல் காக்கவேண்டும். அரிப்புக் குறைந்தால் பழைய உணவை மீண்டும் கொடுத்துப் பார்க்கவேண்டும். திரும்பவும் அரித்தால்தான் குற்றம் மெய்ப்பிக்கப்பட்டதாகும். இதனைக் குருதிச்சோதனையால் அறுதியிட இயலாது. குழந்தைகள் அன்பினால் ஊட்டும் ஒரு பிஸ்கோத்துத்துண்டு எட்டு வார உழைப்பையும் வீணாக்கிவிடும்.

இம்மூன்றும் விலக்கப்பட்டபின் எஞ்சுவதே காற்றிலும் தூசியிலும் உள்ள பொருள்களால் வரும் ஒவ்வாமை. பெரும்பாலும் மூன்று வயதுக்குள் தொடங்கி, பாதம், முகம், காது, அக்குள், வயிறு ஆகிய இடங்களைத் தாக்கும். தோற்சோதனையும் குருதிச்சோதனையும் இவ்விடத்தில்தான் பயன்படும். அதுவும் நோயை முடிவுசெய்வதற்கன்று, ஊசிவழியே பழக்கவேண்டிய பொருள்களைத் தெரிவதற்கே. நோய் முற்றிலும் நீங்குவது அரிது. ஆனால் நாய் அமைதியாக உறங்கும் அளவுக்கு அதனைக் கட்டுப்படுத்தலாம்.

ஊர்விட்டு ஊர் மாற்றலாகி வாழும் நம்மவர்க்கு இதில் தனியே ஒரு செய்தியுண்டு. புதிய ஊரில் நாய்க்கு அரிப்புத் தோன்றினால், தண்ணீர் ஒத்துக்கொள்ளவில்லை என்போம். முதன்முறை எதிர்ப்படும் பொருளுக்கு உடல் உடனே பகை காட்டுவதில்லை. பகை முதிர்வதற்குக் காலம் வேண்டும் என்பதை நெப்டியூனின் கதையே காட்டிற்று. தண்ணீரை வையாமல், மாறியவை எவையென்று எண்ணிப் பார்க்கவேண்டும். மும்பையின் ஈரக்காற்றில் தெள்ளும் தூசிப்பூச்சியும் பெருகும். தில்லியில் இளவேனிலிலும் மழைக்குப் பிந்திய மாதங்களிலும் மகரந்தம் மிகும். அரிப்பு எந்த மாதத்தில் தொடங்கிற்று, உடலின் எப்பகுதியில், எவ்வுணவின்பின் என்று ஒரு குறிப்பேட்டில் எழுதிவந்தால், மருத்துவருக்கு அதனினும் சிறந்த துணை வேறில்லை.

செய்யத்தகாதவையும் உள. பழைய எஞ்சின் எண்ணெயையும் மண்ணெண்ணெயையும் தடவும் வழக்கம் பலவிடங்களில் உண்டு. நாய் அவற்றை நக்கி நஞ்சுண்ணும். ஐவர்மெக்டினைக்கூடத் தாமே வாங்கிப் போடுதல் ஆகாது. கோலி முதலிய சில இனங்களில் மரபுவழிக் குறைபாடு ஒன்றால் அம்மருந்து மூளையைத் தாக்கும் என்பது 2001ஆம் ஆண்டில் தெளிவாயிற்று.

பொனோமோவின் கடிதத்திலிருந்து இன்றுவரை வந்த வழியைத் திரும்பிப் பார்த்தால் ஒன்று விளங்கும். காரணம் தெரியாத இடத்தில் நோயாளியையே பழித்தார்கள். தெரிந்த இடத்தில் பழி நீங்கிற்று. வாயில்லா உயிர் தன் துன்பத்தைச் சொறிதலால் மட்டுமே சொல்ல வல்லது. அச்சொல்லைப் பொறுமையோடு கேட்டு, ஒவ்வொன்றாக விலக்கிக் காரணத்தை அடைதல், நம் வாசலைக் காக்கும் உயிருக்கு நாம் செலுத்தவேண்டிய கடனாகும்.