ஆரணி தறி வீடுகளுக்கு வரும் 'ஹெல்த் சர்வே': கையெழுத்து போடும் முன் தெரிந்துகொள்ள வேண்டியவை என்னென்ன?

திருவண்ணாமலை மாவட்டம் ஆரணி என்றாலே பட்டுப் புடவையும் அரிசியும்தான் பலருக்கும் நினைவுக்கு வரும். புவிசார் குறியீடு பெற்ற ஆரணிப் பட்டு, ஊருக்குள் மட்டுமல்ல, முள்ளிப்பட்டு, ஒண்ணுபுரம், தேவிகாபுரம் என்று சுற்றுவட்டார ஊர்களின் வீட்டுத் தறிகளிலும் நெய்யப்படுகிறது.

இப்படி ஒரே தொழிலை நம்பியிருக்கும் ஊர்களுக்கு ஆய்வாளர்கள் வருவது வழக்கம். கழுத்தில் அடையாள அட்டை, கையில் கேள்வித்தாள் அல்லது டேப். "முதுகு வலி இருக்கா? மாச வருமானம் எவ்ளோ? கடன் இருக்கா? வீட்ல யாராவது குடிப்பாங்களா?" என்று கேட்பார்கள். கடைசியில், "சும்மா ஒரு சர்வேதான், இங்க ஒரு கையெழுத்து போடுங்க" என்பார்கள்.

அந்தக் கையெழுத்துக்கு என்ன அர்த்தம்? போடாவிட்டால் என்ன ஆகும்? விரிவாகப் பார்க்கலாம்.

நெசவாளர்களை ஏன் ஆய்வு செய்கிறார்கள்?

காரணம் இருக்கிறது. குழித்தறியில் உட்காரும் நெசவாளர், கால்களைக் குழிக்குள் விட்டு மிதியை மாற்றி மாற்றி மிதிக்க வேண்டும். கை நாடாவைத் தள்ளும். கண் மெல்லிய பட்டு இழையிலும் ஜரிகையிலும் இருக்கும். முதுகு முன்னால் வளைந்தே இருக்கும். ஒரு நாள் அல்ல, 30, 40 வருஷம் இப்படித்தான். கழுத்து, இடுப்பு, முழங்கால் வலியும் கண் சோர்வும் கைத்தறித் தொழிலாளர்களிடம் அதிகம் காணப்படுவதை நாட்டின் பல பகுதிகளில் நடந்த ஆய்வுகள் பதிவு செய்திருக்கின்றன.

இன்னொரு பக்கம் வருமானம். 2019-20ல் நடந்த நான்காவது அகில இந்திய கைத்தறிக் கணக்கெடுப்பின்படி, நாட்டில் கைத்தறி நெசவாளர்களும் துணைத் தொழிலாளர்களும் சேர்த்து சுமார் 35.22 லட்சம் பேர். தமிழ்நாட்டில் சுமார் 2.43 லட்சம் பேர். நெசவாளர்களில் 70 சதவீதத்துக்கும் மேல் பெண்கள். நெசவாளர் குடும்பங்களில் மூன்றில் இரண்டு பங்கு, மாதம் 5,000 ரூபாய்க்கும் குறைவாகச் சம்பாதிப்பதாகச் சொன்னவை.

உடலை வருத்தும் வேலை, குறைந்த கூலி, தறி ஓடாத நாளில் வருமானமே இல்லாத நிலை. மூன்றும் ஒரே வீட்டில் இருப்பதால்தான் மருத்துவம், சமூகப்பணி, பொருளாதாரம் படிப்பவர்கள் எல்லாம் தறி வீட்டைத் தேடி வருகிறார்கள்.

ஆய்வால் மக்களுக்கு என்ன லாபம்?

ஆரணியிலிருந்து சுமார் 40 கிலோமீட்டர் தொலைவில் இருக்கும் வேலூரே இதற்கு நல்ல உதாரணம்.

குழந்தைகளுக்குக் கடுமையான வயிற்றுப்போக்கை உண்டாக்குவது ரோட்டா வைரஸ். வேலூர் சிஎம்சி மருத்துவமனை ஆய்வாளர்கள், நகரின் ஏழைக் குடியிருப்புகளில் 2002ல் ஓர் ஆய்வைத் தொடங்கினார்கள். 373 குழந்தைகளைப் பிறந்தது முதல் மூன்று வயது வரை தொடர்ந்து கண்காணித்தார்கள். கூலி வேலை செய்பவர்களும் பீடி சுற்றுபவர்களும் அதிகம் வாழும் பகுதிகள் அவை.

2011ல் வெளியான முடிவு முக்கியமானது. மெக்சிகோவில் நடந்த முந்தைய ஆய்வில், இரண்டு முறை தொற்று வந்த குழந்தைக்கு அதன்பின் கடும் நோயிலிருந்து முழுப் பாதுகாப்பு கிடைத்திருந்தது. வேலூர் குழந்தைகளுக்கோ மூன்று முறை தொற்று வந்த பிறகும் பாதுகாப்பு 79 சதவீதம்தான். அதாவது, வேறு நாட்டில் கிடைத்த கணக்கை அப்படியே இங்கே பொருத்த முடியாது என்பது தெரிந்தது.

அதே ஆண்டு, இந்தியாவில் உருவான ரோட்டாவாக் தடுப்பு மருந்தின் பெரிய அளவிலான பரிசோதனை டெல்லி, புனே, வேலூர் ஆகிய மூன்று இடங்களில் தொடங்கியது. கிட்டத்தட்ட 6,800 குழந்தைகள் பங்கேற்றனர். 2016ல் ரோட்டா வைரஸ் தடுப்பு மருந்து தேசிய தடுப்பூசித் திட்டத்தில் சேர்ந்தது. இன்று ஆரம்ப சுகாதார நிலையத்தில் குழந்தைக்கு வாய்வழியாகத் தரும் அந்தச் சொட்டு மருந்துக்குப் பின்னால், பீடி சுற்றிப் பிழைத்த தாய்மார்கள் சொன்ன 'சரி'யும் இருக்கிறது.

அப்படியானால் எங்கே தப்பு நடக்கிறது?

அந்த 'சரி'யை உரியவரிடம் கேட்காமல் வேறு ஒருவரிடம் வாங்கும்போது.

2009ல் அன்றைய ஆந்திராவின் கம்மம் மாவட்டத்திலும் குஜராத்தின் வதோதராவிலும், 10 முதல் 14 வயதுச் சிறுமிகளுக்குக் கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோயைத் தடுக்கும் ஹெச்பிவி தடுப்பூசி போடும் திட்டம் ஒன்று நடந்தது. அமெரிக்காவைச் சேர்ந்த பாத் என்ற அமைப்பு, இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமான ஐசிஎம்ஆர், மாநில அரசுகள் ஆகியவை சேர்ந்து நடத்திய திட்டம் இது. பங்கேற்றவர்களில் பழங்குடிச் சிறுமிகள் கணிசமாக இருந்தனர். ஏழு சிறுமிகள் இறந்த செய்தி வெளிவர, 2010 ஏப்ரலில் திட்டம் நிறுத்தப்பட்டது.

இந்த மரணங்களுக்குத் தடுப்பூசி காரணமாக இருக்க வாய்ப்பில்லை என்றே விசாரணைக் குழு கூறியது. இதே வகைத் தடுப்பூசி இன்று பல நாடுகளில் பயன்பாட்டில் இருக்கிறது. ஆனால் வெளியே வந்த இன்னொரு விஷயம்தான் அதிர்ச்சி. விடுதியில் தங்கிப் படித்த பல சிறுமிகளுக்கு, பெற்றோருக்குப் பதிலாக வார்டன்களும் தலைமை ஆசிரியர்களும் ஒப்புதல் படிவத்தில் கையெழுத்துப் போட்டிருந்தார்கள். நாடாளுமன்ற நிலைக்குழு 2013ல் இதைக் கடுமையாகக் கண்டித்தது.

மருந்து நல்லதா கெட்டதா என்பது வேறு கேள்வி. கேட்டுக் கொடுத்தார்களா என்பது தனிக் கேள்வி.

நெசவாளருக்கும் இதற்கும் என்ன தொடர்பு?

ஐசிஎம்ஆர் 2017ல் வெளியிட்ட தேசிய நெறிமுறை வழிகாட்டுதல்கள்தான், இந்தியாவில் மனிதர்களை வைத்து நடக்கும் மருத்துவ, சுகாதார ஆய்வுகளுக்கு அடிப்படை. அதில் 'எளிதில் பாதிப்புக்கு உள்ளாகக்கூடியவர்கள்' என்று ஒரு தனி அத்தியாயமே உண்டு. குழந்தைகள், மனநல பாதிப்பு உள்ளவர்கள் மட்டுமல்ல, பொருளாதார, சமூக ரீதியில் பின்தங்கியவர்களும், மேலே இருப்பவர் சொன்னால் மறுக்க முடியாத நிலையில் வேலை செய்பவர்களும் அந்தப் பட்டியலில் வருகிறார்கள்.

இதை ஒரு தறி வீட்டில் பொருத்திப் பார்த்தால் புரியும். பட்டும் ஜரிகையும் கொடுத்து நெய்யச் சொல்பவர் முதலாளி. அவரிடம் முன்பணம் வாங்கியிருக்கும் குடும்பம். அவரே ஆய்வாளரைக் கூட்டி வந்து, "நம்ம ஆளுங்கதான், கேக்கறதுக்குப் பதில் சொல்லுப்பா" என்றால், நெசவாளரால் "வேண்டாம்" என்று சொல்ல முடியுமா? கூலி குறைவு, கண் தெரியவில்லை என்று அவர் முன்னாலேயே உண்மையைச் சொல்ல முடியுமா?

அதனால்தான் விதி தெளிவாக இருக்கிறது. ஊர்ப் பெரியவர், சங்கத் தலைவர், முதலாளி ஆகியோரிடம் ஊருக்குள் வர அனுமதி கேட்கலாம். ஆனால் அந்த அனுமதி, தனி நபரின் ஒப்புதலுக்கு ஈடாகாது. பெண்கள் விஷயத்திலும் இதேதான். வீட்டுக்காரரோ மாமியாரோ "நான் சொல்றேன், எழுதிக்கோங்க" என்றால், அது அந்தப் பெண்ணின் சம்மதம் ஆகாது.

இன்னொரு சிக்கல் இடம். பல வீடுகளில் தறி ஓடும் இடமும் குடும்பம் இருக்கும் இடமும் ஒன்றுதான். குடிப்பழக்கம், கடன், வீட்டுச் சண்டை பற்றி எல்லோர் முன்னாலும் கேட்டால் உண்மையான பதில் வராது. வந்தாலும் அன்று இரவே பிரச்சினை ஆகலாம். "தனியா பேசலாமா?" என்று கேட்கவும், குறிப்பிட்ட கேள்விக்கு மட்டும் பதில் சொல்லாமல் விடவும் உங்களுக்கு உரிமை உண்டு.

ஒப்புதல் படிவத்தில் என்ன இருக்க வேண்டும்?

படிவம் தமிழில், உங்களுக்குப் புரியும்படி இருக்க வேண்டும். கையெழுத்துக்கு முன் இந்த விவரங்களை வாயாலும் விளக்க வேண்டும்:

• இது ஆய்வு, சிகிச்சை அல்ல என்ற தெளிவு
• எதற்காக ஆய்வு, யார் நடத்துகிறார்கள், எவ்வளவு நேரம் ஆகும்
• ரத்தம், சளி போன்ற மாதிரி எடுப்பார்களா, எடுத்தால் அதை என்ன செய்வார்கள்
• உங்களுக்கு என்ன நன்மை, என்ன அபாயம்
• உங்கள் பெயரும் விவரமும் எப்படி ரகசியமாகக் காக்கப்படும்
• எப்போது வேண்டுமானாலும் விலகலாம், விலகினால் வழக்கமான சிகிச்சைக்கு எந்தப் பாதிப்பும் வராது என்ற உறுதி
• சந்தேகம் இருந்தால் தொடர்புகொள்ள ஆய்வாளர், நெறிமுறைக் குழு ஆகிய இருவரின் எண்

இதன் ஒரு நகல் உங்களிடம் இருக்க வேண்டும். கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

படிக்கத் தெரியாதவர் என்ன செய்வது?

கைரேகை வைக்கலாம். ஆனால் எழுதப் படிக்கத் தெரிந்த, ஆய்வுக் குழுவைச் சேராத ஒரு சாட்சி உடன் இருக்க வேண்டும். படிவத்தில் இருப்பதைத்தான் வாய்விட்டுச் சொன்னார்களா என்று அவர்தான் உறுதி செய்வார்.

குழந்தைகளிடம் கேட்கலாமா?

18 வயதுக்குள் இருந்தால் பெற்றோரின் ஒப்புதல் கட்டாயம். அதோடு, 7 வயதுக்கு மேற்பட்ட குழந்தையிடமும் தனியாகச் சம்மதம் கேட்க வேண்டும். 7 முதல் 11 வயது வரை வாய்வழிச் சம்மதம், 12 முதல் 18 வரை எழுத்துப்பூர்வச் சம்மதம்.

பட்டுத் தொழிலில் இது ரொம்பவே நுட்பமான விஷயம். கர்நாடகா, உத்தரப் பிரதேசம், தமிழ்நாடு ஆகிய மாநிலங்களின் பட்டுத் தொழிலில் கொத்தடிமைகளாக இருந்த குழந்தைகள் பற்றி ஹியூமன் ரைட்ஸ் வாட்ச் அமைப்பு 2003ல் அறிக்கை வெளியிட்டது. அதன்பின் நிலைமை நிறைய மாறியிருக்கிறது. 2016ல் திருத்தப்பட்ட சட்டப்படி, 14 வயதுக்கு உட்பட்டவர்களை எந்த வேலையிலும் வைக்கக்கூடாது. பள்ளி நேரம் போக, விடுமுறையில், ஆபத்தில்லாத குடும்பத் தொழிலில் உதவுவதற்கு விலக்கு உண்டு. இந்த விலக்கின் எல்லையில் நிற்கும் ஒரு பிள்ளை சொன்ன பதில், பெயரோடு வெளியே போனால் பாதிக்கப்படுவது அந்தக் குடும்பம்தான். ரகசியம் காப்பது எவ்வளவு முக்கியம் என்பதற்கு இதைவிட வேறு உதாரணம் தேவையில்லை.

பங்கேற்றால் பணம் உண்டா?

போக்குவரத்துச் செலவு, அன்றைய கூலி இழப்பு ஆகியவற்றை ஈடு செய்யலாம் என்கிறது வழிகாட்டுதல். ஒரு மணி நேரம் தறி நின்றால் நெசவாளருக்கு நஷ்டம் என்பதால், இதைக் கேட்பதில் தப்பே இல்லை. ஆனால் வேண்டாம் என்று நினைப்பவரையும் இழுக்கும் அளவுக்குப் பெரிய தொகை காட்டக்கூடாது. ஆய்வினால் உடலுக்குப் பாதிப்பு வந்தால் இலவச சிகிச்சையும், உரிய இழப்பீடும் தர வேண்டும்.

இதையெல்லாம் யார் கண்காணிக்கிறார்கள்?

ஆய்வு தொடங்கும் முன்பே நெறிமுறைக் குழு, அதாவது எத்திக்ஸ் கமிட்டி, அதற்கு அனுமதி தர வேண்டும். 7 முதல் 15 பேர் வரை இருக்கும் இந்தக் குழுவின் தலைவர் அந்த நிறுவனத்தைச் சேராதவராக இருக்க வேண்டும். மருத்துவர்களோடு சட்டம் தெரிந்தவர், சமூக அறிவியலாளர், சாதாரணப் பொதுமக்களில் ஒருவர் ஆகியோரும் இடம்பெறுவார்கள். மருந்து, சிகிச்சை தொடர்பான பரிசோதனை என்றால், இந்திய மருத்துவப் பரிசோதனைப் பதிவேட்டில் அதன் விவரம் இருக்கும். 2007ல் தொடங்கிய இந்தப் பதிவேட்டை யார் வேண்டுமானாலும் இணையத்தில் இலவசமாகத் தேடிப் பார்க்கலாம்.

வீட்டுக்கு வருபவர் எல்லோருமே ஆய்வாளரா?

இல்லை. 'மக்களைத் தேடி மருத்துவம்' ஊழியர் வந்து பிரஷர், சுகர் பார்த்து மாத்திரை கொடுப்பது அரசு சேவை. கைத்தறிக் கணக்கெடுப்புக்கு வருவது அரசுப் பணி. கல்லூரி மாணவர் கேள்வித்தாளோடு வந்தால் அது படிப்புக்கான ஆய்வு. அவரிடம் கல்லூரியின் கடிதமும் வழிகாட்டிப் பேராசிரியரின் பெயரும் இருக்கும்.

வங்கிக் கணக்கு பின் நம்பர், ஓடிபி கேட்டால்? அது எந்த ஆய்வும் கிடையாது. உடனே பேச்சை முடித்துக்கொள்ளுங்கள்.

ஆய்வு முடிந்த பிறகு?

நெசவு ஊர்களில் அடிக்கடி கேட்கும் குறை இதுதான்: "வந்தாங்க, எழுதிட்டுப் போனாங்க, அப்புறம் ஒண்ணும் தெரியல." ஆய்வின் பலன் பங்கேற்ற சமூகத்துக்கும் போய்ச் சேர வேண்டும் என்பது வழிகாட்டுதலிலேயே இருக்கிறது. சோதனையில் ஒருவருக்கு ரத்த அழுத்தமோ கண் பிரச்சினையோ தெரிந்தால், அதை அவரிடம் சொல்லி எங்கே சிகிச்சை எடுக்கலாம் என்று வழிகாட்ட வேண்டும்.

எனவே, கையெழுத்துக்கு முன் நான்கே கேள்விகள் போதும். "எதுக்காக இந்த ஆய்வு? எத்திக்ஸ் கமிட்டி அனுமதி இருக்கா? என் பேர் வெளிய வருமா? முடிஞ்சதும் என்ன கண்டுபிடிச்சீங்கன்னு எங்ககிட்ட வந்து சொல்வீங்களா?"

நேர்மையான ஆய்வாளர் இந்தக் கேள்விகளுக்குக் கோபப்பட மாட்டார். பதில் சொல்லிவிட்டுத்தான் பேனாவைக் கொடுப்பார்.